ஆதாமிடமிருந்து நமக்கு வந்து சேர்வது எது?

திடப்படுத்தலுக்கு (ஞானஸ்நானம் பெற்றவர்கள் தங்கள் விசுவாசத்தைச் சபைமுன் உறுதிசெய்யும் சடங்குக்கு) ஆயத்தப்படும் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறேன். ஜென்ம பாவத்தைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் ஒரே உவமையைத்தான் சொல்லி வந்தேன்: பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் பரம்பரை நோயைப் போல, ஆதாமின் பாவம் தலைமுறை தலைமுறையாக நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. பிள்ளைகள் தலையசைப்பார்கள், பாடம் அடுத்த பகுதிக்கு நகரும். சென்ற ஆண்டு ஒரு மாணவி மட்டும் தலையசைக்கவில்லை. "நோயோடு பிறந்த குழந்தையை யாரும் குற்றவாளி என்று சொல்வதில்லையே, டீச்சர். அப்படியிருக்க இதை மட்டும் ஏன் பாவம் என்கிறோம்?" என்று கேட்டாள். அடுத்த வாரம் பதில் சொல்வதாகச் சொன்னேன். அந்த அடுத்த வாரம் பல மாதங்களாக நீண்டுவிட்டது.

தேடத் தொடங்கியதும் முதலில் தெரிந்துகொண்டது, நான் இத்தனை காலம் சொல்லிவந்த உவமை என் சபையின் போதனையை முழுமையாகச் சொல்லவே இல்லை என்பதுதான். சூரிச் நகரத்துச் சீர்திருத்தவாதியான ஸ்விங்லி 1526-இல் ஜென்ம பாவத்தைப் பற்றி எழுதியபோது வாதாடிய கருத்துக்கே அது நெருக்கமாக இருந்தது. பிறப்போடு வருவதை அவர் நோய் என்றார். குற்றம் என்ற சரியான பொருளில் அதைப் பாவம் என்று அழைக்க அவருக்கு மனம் வரவில்லை. போரில் பிடிபட்டு அடிமையானவனின் பிள்ளை அடிமையாகவே பிறக்கிறது, ஆனால் அந்த நிலைக்குக் காரணமான தவறு தகப்பனுடையது என்பது அவர் கையாண்ட ஒப்புமை. என் மாணவி ஒரே கேள்வியில் வந்து நின்ற இடமும் அதுதான். நான் சார்ந்த ஆங்கிலிகன் மரபின் 39 விதிகளில் 9-ஆவது விதியும் 'தொற்று' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது, உண்மைதான். ஆனால் அதே மூச்சில், அது உலகில் பிறக்கும் ஒவ்வொருவரிடத்திலும் கடவுளின் கோபத்துக்கும் ஆக்கினைக்கும் உரியதாக இருக்கிறது என்றும் சொல்கிறது. அந்த இரண்டாம் பாதியை நான் வகுப்பில் சொல்லாமலே விட்டுவந்திருக்கிறேன்.

எனக்கு இந்தக் கேள்வி வெறும் பாடப்பொருளாக இருந்ததில்லை. என் தாய் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டிக்கு முதலில் பிறந்த குழந்தை ஞானஸ்நானம் பெறுமுன்னரே இறந்துபோனது. பேரப்பிள்ளைகளை எடுத்து வளர்த்த முதுமையிலும், அந்தக் குழந்தை இப்போது எங்கே இருக்கிறது என்று அவர் கேட்பதை நிறுத்தவில்லை. ஒரு பச்சைக் குழந்தையிடம் என்ன பாவம் இருக்க முடியும், அது எந்த வழியாக வந்தது, அதை ஏன் அதன் கணக்கில் எழுத வேண்டும் என்ற மூன்று கேள்விகளும் அவருடைய ஒரே கேள்விக்குள் அடங்கியிருந்தன. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் 'பரம்பரையாக வருகிறது' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதால்தான் குழப்பம் நேர்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

வாதத்தின் வேர் ஒரு வசனத்தில் இருக்கிறது. ரோமர் 5:12-ஐ நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் வாசிப்பவர்கள், 'எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால், மரணம் எல்லாருக்கும் வந்ததுபோலவும்' என்றே வாசிக்கிறார்கள். லத்தீன் மொழிபெயர்ப்பை வாசித்தவர்களுக்கு அது வேறு விதமாகக் கேட்டது. 'பாவஞ்செய்தபடியால்' என்று நாம் கொள்ளும் கிரேக்கச் சொற்றொடர், லத்தீனில் 'எவனுக்குள் எல்லாரும் பாவஞ்செய்தார்களோ' என்று பொருள்கொள்ளத்தக்க வடிவில் நின்றது. பெயர் தெரியாத 4-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ஒருவரும், அவரைத் தொடர்ந்து பழங்காலத் திருச்சபையின் பெரும் ஆசிரியரான அகஸ்டீனும், அந்த 'எவன்' என்பதை ஆதாமாகவே கொண்டார்கள். அப்படியானால் ஆதாம் கனியைப் புசித்த அந்தக் கணத்திலேயே நாம் எல்லாரும் அவனுக்குள் இருந்து பாவம் செய்திருக்கிறோம். எபிரெயர் 7-ஆம் அதிகாரம், லேவி பிறக்கும் முன்னரே தன் மூதாதையாகிய ஆபிரகாமின் அரையிலிருந்தபடி தசமபாகம் செலுத்தினான் என்று சொல்வது இந்த எண்ணத்துக்குத் துணை நின்றது. 16-ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் என்ற அறிஞர் அந்தக் கிரேக்கச் சொற்றொடருக்குக் காரணப் பொருளே பொருந்தும் என்று எழுதியபோது, ஆதாமின் பாவம் பிறப்பால் வருவதில்லை என்று போதித்த பெலேஜியுவின் பக்கம் சாய்கிறார் என்ற பழி அவர்மேல் விழுந்தது. இன்று தமிழ் விவிலியத்தைத் திறக்கும் எளிய வாசகர், தமக்குத் தெரியாமலே எராஸ்மஸின் பக்கம் நின்று வாசிக்கிறார்.

ஆனால் இலக்கணம் மாறியதால் போதனை சரிந்துவிடவில்லை. ஆதாமின் மீறுதலுக்கொப்பாய்ப் பாவஞ்செய்யாதவர்களையும் மரணம் ஆண்டுகொண்டது என்று 14-ஆம் வசனமும், ஒரே மனுஷனுடைய கீழ்ப்படியாமையினாலே அநேகர் பாவிகளாக்கப்பட்டார்கள் என்று 19-ஆம் வசனமும் அங்கேயே இருக்கின்றன. அந்த 'ஆக்கப்பட்டார்கள்' என்ற வினைக்குள் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி.

பழங்காலத்தில் இதற்குக் கிடைத்த மிக நேரடியான விடை தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளருடையது. உடலைப் போலவே ஆத்துமாவும் பெற்றோரிடமிருந்தே முளைக்கிறது என்றால், கறைபட்ட ஆத்துமாவிலிருந்து கறைபட்ட ஆத்துமா பிறப்பதில் வியப்பில்லை. ஒவ்வோர் ஆத்துமாவையும் கடவுள் புதிதாகப் படைக்கிறார் என்றால் சிக்கல் பெரிதாகிறது: கடவுளின் கையிலிருந்து நேராக வரும் ஆத்துமாவுக்குக் கறை எங்கிருந்து ஒட்டியது? அகஸ்டீன் இந்த இரண்டுக்கும் நடுவில் கடைசிவரை முடிவெடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, கருத்தரித்தலோடு கலந்து நிற்கும் கட்டுக்கடங்காத இச்சையைப் பாவம் கடந்துவரும் பாலமாகக் கண்டார். கன்னியிடம் பிறந்த கிறிஸ்து அந்தப் பாலத்தைக் கடக்காமல் வந்தார் என்பதும் அவருடைய விளக்கத்தில் அடங்கும். அகஸ்டீனை நான் மிகவும் மதிக்கிறேன், ஆனால் இந்த ஒரு விளக்கம் திருமண உறவின் மீது நீண்ட காலம் நிழல் விழச் செய்தது என்பதே என் கருத்து. தாவீது 'என் தாய் என்னைப் பாவத்தில் கர்ப்பந்தரித்தாள்' என்று பாடும்போது தன் தாயைக் குறை கூறவில்லை. தன்னைத்தான் அறிக்கை செய்கிறான்.

அந்தப் பாலம் இல்லாமலே கேள்விக்கு விடை காண முடியும் என்று காட்டியவர் 11-ஆம் நூற்றாண்டில் பிறந்த இறையியலாளர் அன்செல்ம். ஜென்ம பாவம் என்பது ஒரு பொருள் அல்ல, இருக்க வேண்டிய நீதி இல்லாத நிலை என்றார் அவர். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இதையே விரித்து, ஆதி நீதியின் (ஆதாம் முதலில் பெற்றிருந்த நீதியின்) இழப்பு ஜென்ம பாவத்தின் வடிவம், இச்சையின் ஒழுங்கின்மை அதன் மூலப்பொருள் என்று எழுதினார். இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். ஓர் அரசன் ஒருவனுக்கு, அவனுக்கும் அவன் சந்ததிக்கும் உரியதாக ஒரு நிலத்தை மானியம் கொடுக்கிறான். அவன் துரோகம் செய்து மானியத்தை இழக்கிறான். அவன் பிள்ளைகள் பிறக்கும்போது நிலம் இல்லாதவர்களாகவே பிறக்கிறார்கள். அந்த இல்லாமையை அவர்களிடம் கொண்டுவந்து சேர்க்க யாரும் தேவைப்படவில்லை. விளக்கு அணைந்த அறைக்குள் இருளை யாரும் சுமந்து வருவதில்லை அல்லவா? ஆகவே கடவுள் ஒவ்வோர் ஆத்துமாவையும் புதிதாகப் படைத்தாலும், அது வந்து சேரும் மனித இயல்பு தன் பழைய வரத்தை இழந்த இயல்பாக இருக்கிறது. சீர்திருத்தச் சபையில் வளர்ந்தவளாக இருந்தும், கடத்தப்படும் முறைக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் கண்டதில்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

என் மாணவி இங்கேயும் விடமாட்டாள். மானியத்தை இழந்தவனின் பிள்ளை ஏழையாகலாம், பாவியாவது எப்படி? அக்வினாஸ் இதற்கு ஒரு கையைக் காட்டுகிறார். கொலை செய்த கைக்குத் தனியாக ஒரு விருப்பம் இல்லை. அதை அசைத்த மனிதனின் விருப்பத்தால்தான் அந்தச் செயல் குற்றமாகிறது. அதுபோல, ஆதாமிலிருந்து பிறந்த மனிதர் அனைவரும் ஒரே மனிதனின் உடல் உறுப்புகளைப் போன்றவர்கள். தலைவனின் விருப்பமே பிறப்பின் வழியாக உறுப்புகளை எட்டுகிறது. 1992-இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி இந்த ஒப்புமையை நினைவுபடுத்திவிட்டு, பாவம் கடந்துவரும் விதம் நம்மால் முழுமையாகப் புரிந்துகொள்ள இயலாத மறைபொருள் என்று சொல்கிறது. அது செய்த பாவம் அல்ல, பெற்றுக்கொண்ட பாவம். ஒரு செயல் அல்ல, ஒரு நிலை. ஆதாமின் வழிவந்த எவரிடத்திலும் அது தனிப்பட்ட குற்றமாக இருப்பதில்லை. 'பாவம்' என்ற சொல் ஒப்புமைப் பொருளிலேயே இங்கு வழங்குகிறது. இவ்வளவையும் அந்நூல் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. கத்தோலிக்கர் பிறந்த குழந்தையைக் குற்றவாளி என்கிறார்கள் என்று என் சபையில் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியான குற்றச்சாட்டு அல்ல.

1546 ஜூன் 17 அன்று கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் தன் 5-ஆம் அமர்வில் தீர்மானித்ததும் இந்தப் பின்னணியில்தான். ஆதாமின் பாவம் அவனைப் பார்த்துப் பின்பற்றுவதால் அல்ல, இனப்பெருக்கத்தின் வழியாகவே கடத்தப்படுகிறது என்றும், அது ஒவ்வொருவருக்குள்ளும் அவரவருக்குச் சொந்தமாகவே இருக்கிறது என்றும் சங்கம் அறிவித்தது. 'பின்பற்றுவதால் அல்ல' என்ற பகுதி பெலேஜியுவுக்கு எதிரானது. 418-இல் கார்த்தேஜ் சங்கமும் 529-இல் ஆரஞ்சு சங்கமும் அந்தப் பாதையில் முன்னரே நடந்திருந்தன. 'சொந்தமாகவே இருக்கிறது' என்ற பகுதிக்கும் காரணம் உண்டு. ஜென்ம பாவம் என்பது நம் கணக்கில் எழுதப்பட்ட ஆதாமின் செயலே தவிர நமக்குள் இருக்கும் எதுவும் அல்ல என்று அப்போது வாதிட்டவர்களில் பிகியுஸ் என்ற கத்தோலிக்க இறையியலாளரும் ஒருவர். சங்கத்தில் பங்கேற்ற கத்தரீனுஸும் அதற்கு நெருக்கமான நிலையை எடுத்தவர். சீர்திருத்தச் சபைகளுக்கே உரியது என்று இன்று பலரும் எண்ணும் ஒரு கருத்து, முதலில் கத்தோலிக்கருக்குள்ளேயே விவாதிக்கப்பட்டு ஒதுங்கியது.

ஜெர்மானியச் சீர்திருத்தவாதியான லூத்தருக்கு 'இல்லாமை' என்ற சொல் போதவில்லை. மனித இருதயம் வெறுமையாக மட்டும் இல்லை, தன்னை நோக்கியே வளைந்திருக்கிறது என்பது அவருடைய அனுபவம். 1530-இல் லூத்தரன் தரப்பு முன்வைத்த ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 2-ஆம் பிரிவு, மனிதர் தேவபயம் இல்லாமலும் தேவன்மேல் நம்பிக்கை இல்லாமலும் இச்சையோடும் பிறக்கிறார்கள், இந்த நோய் உண்மையாகவே பாவம் என்று அறிவித்தது. அதே ஆண்டு எழுதப்பட்ட கத்தோலிக்க மறுப்புரை ஒரு கூர்மையான கேள்வியை எழுப்பியது: பயமும் நம்பிக்கையும் இல்லாமல் இருப்பது வளர்ந்தவர் செய்யும் குற்றமல்லவா, அறிவு விழிக்காத குழந்தையிடம் அதை எப்படிச் சுமத்துவது? அந்த அறிக்கையை எழுதிய மெலாங்க்தன் 1531-இல் கொடுத்த பதிலில், நாங்கள் பேசுவது செயலைப் பற்றி அல்ல, அவற்றைச் செய்வதற்கான ஆற்றலே இல்லாமல் பிறப்பதைப் பற்றி என்று விளக்கி, ஆதி நீதி இல்லாமை என்ற பழைய வரையறையையும் தம் பக்கமே சேர்த்துக்கொண்டார். இந்த இடத்தை வாசித்தபோது, இரு தரப்பும் ஒரு சொல்லின் தூரத்தில்தான் நின்றிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. லூத்தரோ 1537-இல், இந்தச் சீர்கேடு எந்த மனித அறிவாலும் கண்டுகொள்ள முடியாத அளவுக்கு ஆழமானது, வேதம் வெளிப்படுத்துவதால் மட்டுமே நம்பத்தக்கது என்று எழுதினார். அந்த ஆழத்தை அளவுக்கு மீறிச் சொன்னவர் ஃபிளேசியுஸ் என்ற லூத்தரன் இறையியலாளர்: ஜென்ம பாவம் விழுந்துபோன மனிதனின் சாரமே என்றார். மனித இயல்பே பாவம் என்றால் அதைப் படைக்கிறவர் யார் என்ற கேள்வி உடனே எழும் என்பதால், 1577-இன் லூத்தரன் உடன்பாட்டு நூல் அதைத் தெளிவாக மறுத்தது. கடத்தப்படும் முறையில் லூத்தரன் இறையியலாளர் பலரும் தெர்த்துல்லியன் பக்கம் சாய்ந்து, ஆத்துமாவும் பெற்றோரிடமிருந்தே வருகிறது என்றார்கள்.

ஜெனீவாவின் சீர்திருத்தவாதியான கால்வின் அந்தப் பாதையில் போகவில்லை. தொற்று மாம்சத்தின் பொருளிலோ ஆத்துமாவின் பொருளிலோ தங்கி வருவதில்லை என்றும், முதல் மனிதனுக்குக் கொடுத்த வரங்களை அவன் தனக்காக மட்டுமன்றித் தன் சந்ததிக்காகவும் வைத்திருக்கவோ இழக்கவோ வேண்டும் என்பது கடவுளின் நியமனம் என்றும் எழுதினார். வாசிக்கும்போது மானியத்தின் உவமைக்கு எவ்வளவு அருகில் வந்துவிடுகிறார் என்று வியந்தேன். ஆனால் அடுத்த பக்கங்களிலேயே, ஆதி நீதியின் இல்லாமை என்று மட்டும் வரையறுப்பவர்கள் அதன் வலிமையைப் போதிய அளவு சொல்லவில்லை, நம் இயல்பு நன்மையில் வறண்டது மட்டுமல்ல, தீமையில் ஓயாமல் விளையும் நிலம் என்கிறார்.

கால்வினுக்குப் பின்வந்த சீர்திருத்த மரபு அந்த 'நியமனத்தை' உடன்படிக்கை என்ற சட்டச் சொல்லாக வளர்த்தது. 1640-களில் இங்கிலாந்தில் கூடிய வெஸ்ட்மின்ஸ்டர் பேரவையின் நூல்களில் ஆதாம் நம் எல்லாருக்கும் பிரதிநிதியாக நிற்கிறான். அவனுடைய பாவத்தின் குற்றம் நம்மேல் எண்ணப்படுகிறது, சீர்கெட்ட இயல்பு சாதாரணப் பிறப்பின் வழியாக நமக்குக் கடத்தப்படுகிறது. 'எண்ணப்படுதல்' நமக்குப் பழகிய சொல்தான்: ஆபிரகாமின் விசுவாசம் அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது. நாம் கிறிஸ்துவின் நீதியைப் பிறப்பினால் பெறவில்லை, அது நமக்கு எண்ணப்படுகிறது. ரோமர் 5:19 ஆதாமையும் கிறிஸ்துவையும் இணையாக வைப்பதால், பாவமும் அதே விதமாகவே வந்திருக்க வேண்டும் என்பது இந்த வாதத்தின் பலம். அதன் பலவீனம் எசேக்கியேல் 18-இல் இருக்கிறது: 'குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை.' பிரெஞ்சுச் சீர்திருத்தச் சபையின் பேராசிரியரான பிளாசேயுஸ் இந்தச் சுமையை உணர்ந்திருக்க வேண்டும். அவருடைய போதனை 1644-45-இல் ஷாரெந்தோன் சபைப் பேரவையின் கண்டனத்துக்கு உள்ளானபோது, குற்றம் எண்ணப்படுவதைத் தாம் மறுக்கவில்லை, சீர்கெட்ட இயல்பை நாம் பெற்றிருப்பதால்தான் அது நம்மேல் எண்ணப்படுகிறது என்று விளக்கினார். முதலில் தீர்ப்பு, பிறகு சீர்கேடா? முதலில் சீர்கேடு, பிறகு தீர்ப்பா? இந்தக் கேள்வி அந்த மரபுக்குள் இன்றுவரை ஓய்ந்தபாடில்லை.

இவ்வளவையும் வாசித்தபின், 'எப்படி வருகிறது' என்ற கேள்வியில் கத்தோலிக்கரையும் சீர்திருத்தக்காரரையும் பிரிக்கும் ஒற்றைக் கோடு கிடையாது என்ற முடிவுக்கு வந்தேன். பிறப்பின் வழி என்பதில் லூத்தரன் கத்தோலிக்கருக்கு அருகில் நிற்கிறார். ஆத்துமா நேராகப் படைக்கப்படுகிறது என்பதில் கால்வினின் மரபு கத்தோலிக்கரோடு நிற்கிறது. உண்மையான கோடு, வந்து சேர்ந்தது ஞானஸ்நானத்துக்குப் பின் என்ன ஆகிறது என்ற இடத்தில் ஓடுகிறது. ஞானஸ்நானத்துக்குப் பின்னும் குழந்தையில் பாவம் எஞ்சியிருக்கிறது என்பதை மறுப்பது பவுலையும் கிறிஸ்துவையும் மிதிப்பது போன்றது என்ற லூத்தரின் கூற்று, 1520-இல் போப்பாண்டவர் கண்டித்த 41 கூற்றுகளில் 2-ஆவதாக இடம்பெற்றது. திரெந்து, இச்சை எஞ்சியிருக்கிறது, ஆனால் அது பாவத்திலிருந்து வந்து பாவத்துக்குச் சாய்ப்பதால் மட்டுமே பவுலால் பாவம் எனப்பட்டது, சரியான பொருளில் அது பாவமல்ல என்றது. வந்து சேர்வது இல்லாமை என்றால், அருள் வந்து நிரப்பியதும் அது நீங்கிவிட வேண்டும்; வந்து சேர்வது வளைந்துபோன இருதயம் என்றால், மன்னிப்புப் பெற்ற பின்னும் அந்த வளைவு இருதயத்தில் இருக்கத்தான் செய்யும். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்கில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டபோதும், இந்த ஒரு புள்ளியில் இரு விளக்கங்களையும் அருகருகே வைத்தே எழுதினார்கள்.

என் சாய்வை மறைக்க விரும்பவில்லை. பாவம் எப்படி வந்து சேர்கிறது என்பதற்கு அன்செல்மும் அக்வினாஸும் கொடுத்த விளக்கம் என் அறிவுக்குப் பொருந்துகிறது. வந்து சேர்ந்தபின் அது எனக்குள் என்ன செய்கிறது என்பதை லூத்தரும் கால்வினும் சொன்னதுபோல் வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஜெபிக்க முழந்தாளிடும் வேளையிலும் நான் என்னையே நோக்கித் திரும்பிக்கொள்வதை அறிந்திருக்கிறேன், அதை ஓர் இல்லாமை என்று மட்டும் அழைக்க என்னால் முடியவில்லை.

பாட்டி இறந்து நெடுநாளுக்குப் பின், 2007-இல், ஞானஸ்நானமின்றி இறக்கும் குழந்தைகளின் மீட்பைப் பற்றி கத்தோலிக்கப் பன்னாட்டு இறையியல் குழு ஓர் ஆவணம் வெளியிட்டது. அக்குழந்தைகள் பரலோகமும் நரகமும் அல்லாத ஓர் நிலையில் இருப்பார்கள் என்ற லிம்போ எனும் பழைய கருத்தை அது திருச்சபையின் கட்டாயப் போதனையாகக் கொள்ளவில்லை. அக்குழந்தைகள் மீட்கப்படுவார்கள் என்று நம்பிக்கைகொள்ள உறுதியான காரணங்கள் உண்டு, ஆனால் அது நிச்சயமான அறிவு அல்ல என்று கவனமாகச் சொன்னது. பாட்டியிடம் அதை வாசித்துக் காட்டியிருந்தால் 'அறிவு அல்ல' என்ற பகுதியை அவர் கேட்டிருக்கமாட்டார். நம்பிக்கை என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பார்.

அந்த மாணவியின் வகுப்புக்கு ஒருவழியாகப் பதிலோடு போனேன். நோய் என்று நான் சொன்னது போதாது என்று முதலில் ஒப்புக்கொண்டேன். பிறகு பலகையில் இல்லாமை, சீர்கேடு, தீர்ப்பு என்று மூன்று சொற்களை எழுதி, சபைகள் அவற்றை எப்படியெல்லாம் இணைத்தன என்று விளக்கினேன். அவள் நீண்ட நேரம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்த மூன்றில் எது முதலில் வருகிறது, டீச்சர்?" என்று கேட்டாள். ஷாரெந்தோனில் கூடியவர்கள் இதே கேள்வியை ஒட்டிய ஒரு போதனையைத்தான் கண்டித்தார்கள் என்று அவளிடம் சொன்னேன். என் வரையில் இல்லாமைதான் முதலில் வருகிறது என்றேன். அவள் தன் குறிப்பேட்டில் மூன்று சொற்களையும் எழுதி, நான் சொன்ன வரிசைக்கு நேர்மாறாக எண்ணிட்டாள்.